பாடகி தளிரின் இறந்துபோன அம்மா

உடுவிலில் தையல் வேலை செய்யும் ஞானாம்பிகை இறந்துபோனவள் என்று ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் சென்னையிலும் ஏராளமான பேர் நம்பியிருந்தார்கள். அவளுக்காக வீட்டில் விளக்கேற்றியவர்கள் உண்டு. அவளை நினைத்து அழுகிற தங்கள் முகத்தைத் தாங்களே படம்பிடித்து இணையத்தில் போட்டவர்களும் உண்டு. அவளோ காலையில் வாசல் படலையைச் சாத்திவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு மருதனார்மடம் சந்தியிலிருந்த தையல் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் இறந்தது ஒரு பாட்டுக்காக.

வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்த குடும்பத்தில் பிறந்தவள் ஞானாம்பிகை. பரந்தனில் லொறி ஓட்டிய கேதீஸ்வரனை மணந்து வன்னிக்குப் போனாள். கேதீஸ்வரனுக்கு உரத்த குரல். லொறியின் இரைச்சலுக்கு மேலாகப் பாடிப் பழகியவன், வீட்டுக்குள்ளும் அப்படியே பாடுவான். "பிள்ளையை நித்திரையாக்கப் பாடுறியளோ, ஊரை எழுப்பப் பாடுறியளோ?" என்று அவள் கேட்பாள். மகள் சாருஜாவுக்காக அவனே கட்டிய பாட்டு ஒன்று இருந்தது.

பரந்தன் தாண்டி வாறன்
பனங்காய்ப் பணியாரம் தாறன்
என்ரை குஞ்சு உறங்கு.

அதற்கு மேல் சொற்கள் இல்லை. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவான். கிளிநொச்சி தாண்டி, மாங்குளம் தாண்டி, முறிகண்டி தாண்டி என்று பாட்டு நீண்டுகொண்டே போகும். எந்த ஊரில் பிள்ளை உறங்கியது என்பதை அடுத்த நாள் காலையில் மனைவிக்குச் சொல்லுவான்.

2009ஆம் ஆண்டு மே மாதம், சண்டையின் கடைசி நாட்களில், சனத்தோடு சனமாக அவர்களும் கடல்நீரேரிப் பக்கமாக நகர்ந்தார்கள். நான்கு வயது சாருஜா தகப்பனின் தோளில் இருந்தாள். ஞானாம்பிகை பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். செல் ஒன்று விழுந்து வெடித்தது. கூட்டம் சிதறியது. புகை கலைந்தபோது முன்னால் இருந்த முதுகுகள் எல்லாம் வேறு ஆட்களுடையவையாக இருந்தன. பின்னேரம், சனத்தை இருத்தி வைத்திருந்த வெளியில், முன்பின் தெரியாத ஒரு பெண் சாருஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு "இது ஆற்றை பிள்ளை? இது ஆற்றை பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டு நடந்ததை ஞானாம்பிகை கண்டாள். பிள்ளையைத் தன்னிடம் தந்தது யாரென்று அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. சாருஜா அதன் பிறகு பல மாதம் வாய் திறக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள்.

கேதீஸ்வரனைப் படையினர் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாக முகாமில் ஒருவர் சொன்னார். ஞானாம்பிகை அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். உடுவிலுக்குத் திரும்பி வந்த பிறகு, காணாமல் போனவர்களின் படங்களோடு றோட்டோரத்தில் நிற்கும் பெண்களோடு தானும் போய் நின்றாள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அதிகாரிகள் சொன்னபோது வேண்டாம் என்றாள். நெற்றியில் குங்குமம் வைப்பதை அவள் ஒருநாளும் நிறுத்தவில்லை.

சாருஜா வளர்ந்தாள். பேச்சு திரும்பி வந்தது, பிறகு பாட்டும் வந்தது. பள்ளிக்கூட விழா ஒன்றில், ஒலிவாங்கி பழுதாகிப் போக, அவள் வெறும் குரலில் பாடியதை யாரோ கைபேசியில் எடுத்துப் போட்டார்கள். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் ஜெயரூபன் வந்தான்.

ஜெயரூபன் ரொறன்ரோவில் விளம்பரக் கம்பனி ஒன்றில் வேலை செய்தவன். ஊருக்குத் திரும்பி வந்து, நெல்லியடியில் ஒரு வீட்டின் மேல்மாடியை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தான். மரியாதையான ஆள். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, கதிரையின் நுனியில் இருந்து, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தான். சாருஜாவைப் பாடச் சொன்னான். அவள் தகப்பனின் தாலாட்டைப் பாடினாள். 

"அக்கா, இந்தக் குரலைச் சனம் விடாது," என்றான் பிறகு. "ஆனா குரல் மட்டும் காணாது. நல்லாப் பாடுற பிள்ளையள் கனபேர் இருக்கினம். சனம் பாட்டை மட்டும் கேக்கிறேல்லை. பாடுற பிள்ளை ஆர், அதுக்கு என்ன நடந்தது எண்டு தேடும். அந்தக் கதையை நாங்கள் முதலே செய்து வைச்சிருக்க வேணும்."

"செய்யிறதுக்கு என்ன இருக்கு தம்பி? நடந்தது இருக்கு."

அவள் கேதீஸ்வரனைப் பற்றிச் சொன்னாள். ஜெயரூபன் குறுக்கே பேசாமல் கேட்டான். சொல்லி முடிந்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"குறை நினைக்காதையுங்கோ அக்கா. காணாமல் போனது எண்டால் அது அரசியல். விளம்பரம் தாறவை பின்னுக்கு நிப்பினம், கொழும்பிலை மேடை கிடையாது. செத்தது எண்டால் அது சோகம். சோகத்தை ஒருத்தரும் மறிக்க மாட்டினம். அப்பா சண்டையிலை செத்துப்போனார் எண்டு வைப்பம்."

"அவர் செத்தவர் எண்டு என்ரை வாயாலையும் சொல்ல மாட்டன், என்ரை பிள்ளையின்ரை வாயாலையும் சொல்ல விடமாட்டன்."

சாருஜா தாயின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பதினெட்டு வயது. பாடகியாவதைத் தவிர வேறு எதையும் ஆசைப்பட்டதில்லை. அவளுடைய கண் நிறைவதை ஞானாம்பிகை கண்டாள்.

ஜெயரூபன் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "தாலாட்டு எண்டால் உண்மையிலை அம்மாதான் பொருத்தம். அப்பாவைப் பற்றி ஒண்டுமே கதைக்காமல் விடலாம். அம்மா இல்லாத பிள்ளை, அம்மா பாடின பாட்டு. நீங்கள் சம்மதிச்சால் மட்டும்."

அவன் கேட்பது என்னவென்று ஞானாம்பிகைக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியபோது, பெரிய அதிர்ச்சி ஒன்றும் வரவில்லை. அவரைச் சாகக் கொடுக்க வேண்டியதில்லை என்ற ஆறுதல்தான் முதலில் வந்தது. தான் போனால் என்ன? ஒரு பாட்டுக்குள்தானே? பாட்டு முடிய எழும்பி வந்துவிடலாம் என்று நினைத்தாள்.

"சரி தம்பி," என்றாள்.

வேலை தொடங்கியது. முதலில் பாட்டு மாறியது. பரந்தனும் பணியாரமும் போயின.

மண்ணைத் தாண்டி வருவேன்
மடியில் உன்னைத் தாங்குவேன்
என் தளிரே உறங்கு.

அதிலிருந்தே பெயரையும் எடுத்தார்கள். சாருஜா, தளிர் ஆனாள். தளிருக்கு நகை கிடையாது. ஒற்றைப் பின்னல். வெள்ளையும் இல்லாத மஞ்சளும் இல்லாத நிறத்தில் ஒரு ஹாவ்சாறித் தாவணி. அதைத் தைத்தது ஞானாம்பிகைதான். துணி புதிதாகத் தெரிகிறது என்று ஜெயரூபன் முகம் சுளித்தபோது, அவள் அதைத் தேயிலைச் சாயத்தில் முக்கிக் காயவைத்துக் கொடுத்தாள். ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசலும் அதைத் தைத்த அடையாளமும் வேண்டும் என்றான். நல்ல துணியைக் கத்தரிக்கோலால் கிழித்து, கிழித்ததைக் கோணலாகத் தைத்தாள். இத்தனை வருடத் தையலில் வேண்டுமென்று கோணலாகத் தைத்தது அதுவே முதல் தடவை.

தளிர் சிரிக்கக்கூடாது. சிரிப்பு வந்தால் கீழே பார்க்க வேண்டும். "அம்மா" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டு நிற்க வேண்டும். அந்த மூச்சை ஜெயரூபன் நாட்கணக்காகப் பழக்கினான். அவளுடைய பழைய முகநூல் பக்கத்தை அழித்தார்கள். அவளோடு படித்த பிள்ளைகளிடம் கேட்டு, கடற்கரையிலும் பிறந்தநாளிலும் எடுத்த படங்களையும் நீக்கச் செய்தார்கள். பாட்டு வெளிவருவதற்கு முன்னரே "தளிரின் உறவுகள்" என்ற பெயரில் வெவ்வேறு நாடுகளில் இரசிகர் பக்கங்கள் தொடங்கப்பட்டன. இன்னும் ஒருவரும் கேட்டிராத பாட்டைக் கேட்டு அழுதோம் என்று அந்தப் பக்கங்களில் யார் யாரோ எழுதினார்கள்.

காணொளிக்கு அம்மாவின் படம் தேவைப்பட்டது. ஞானாம்பிகையின் கலியாணப் படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினார்கள். "இதைப் பாத்து உங்களை ஒருத்தரும் அடையாளம் மட்டுக்கட்டாயினம் அக்கா," என்றான் ஜெயரூபன், ஆறுதலாகத்தான். அது உண்மை. படத்திலிருந்தவளுக்குத் தடித்த கன்னம், அடர்ந்த முடி. படப்பிடிப்பு நாளில் மாலை கொண்டு வருகிற ஆள் பிந்திவிட்டான். எல்லோரும் வெயிலில் நின்றார்கள். ஞானாம்பிகை வளவில் பூத்திருந்த நந்தியாவட்டையைப் பறித்துக்கொண்டு வந்து, குந்தியிருந்து மாலை கட்டிக் கொடுத்தாள். கமெராக்காரன் அதைப் படத்தில் போட்டு, பூ வாடின மாதிரி இருந்தால் நல்லது என்று சொல்லிக் கசக்கினான்.

பாட்டு மார்கழியில் வந்தது. தைப்பொங்கலுக்குள் அது எல்லா இடத்திலும் கேட்டது. சாவகச்சேரிச் சந்தையில், கோயில் திருவிழாக் கடைகளில், பஸ்களில். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் அந்தத் தாய். பிள்ளை இப்பிடி வந்ததைப் பாக்கக் குடுத்துவைக்கேல்லை," என்றாள்.

"ஓம், பாவம்," என்றாள் ஞானாம்பிகை.

 இறங்க வேண்டிய இடத்தில் மணி அடிக்க மறந்து, அடுத்த இடத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

உடுவிலில் உண்மை தெரிந்தவர்கள் இருந்தார்கள். பிள்ளையின் எதிர்காலம் என்று பெரும்பாலானோர் பேசாமல் விட்டார்கள். கடையில் சேட்டுத் தைக்கக் கொடுத்த ஒரு இளைஞன் மட்டும், "இவவின்ரை அம்மா உயிரோடை இருக்கிறா, எனக்குச் சேட்டுத் தைச்சுத் தந்தவ," என்று பாட்டின் கீழே எழுதினான். செத்த தாயையும் விடமாட்டாயா, உனக்குத் தாய் இல்லையா என்று ஆயிரம் பேர் அவனைத் திட்டினார்கள். அவன் எழுதியதை அழித்துவிட்டான்.

சாருஜாவைக் கொழும்புக்கு மாற்றினார்கள். தாயும் மகளும் சேர்ந்து வெளியே போகக்கூடாது. நிகழ்ச்சிக்கு ஞானாம்பிகை வரக்கூடாது. படங்களோடு றோட்டோரத்தில் நிற்கிற இடத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்பதால் அங்கேயும் போக வேண்டாம் என்று ஜெயரூபன் கேட்டுக்கொண்டான். அவள் கேதீஸ்வரனின் படத்தைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தாள். முதல் தடவை போகாமல் விட்ட நாளில், அங்கே நிற்கிற பெண்களில் ஒருத்தி தொலைபேசியில் அழைத்து, "ஏன் ஞானம், அவரைப் பற்றி ஏதும் தெரிய வந்ததோ?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த ஆவலைக் கேட்டு, தையல் வேலை கூட என்று சொல்லி ஞானாம்பிகை தொலைபேசியை வைத்தாள்.

தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் தளிரிடம் தகப்பனைப் பற்றிக் கேட்டார்கள். தளிர் கீழே பார்த்தாள். ஒரு மூச்சு விட்டாள். "அப்பாவை எனக்குத் தெரியாது," என்றாள். ஞானாம்பிகை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குசினிக்குள் போனாள். போன காரணம் நினைவுக்கு வரவில்லை. வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

சித்திரா பௌர்ணமி வந்தது. தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள். ஜெயரூபனின் ஆட்கள் அதற்கென்றே ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். "தளிரின் அம்மாவுக்கு ஒரு விளக்கு" என்று அறிவித்தார்கள். விளக்கேற்றிப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கில் விளக்குகள் வந்தன.

ஞானாம்பிகை வழக்கம்போல் அன்றைக்குத் தன் தாய்க்காக விரதம் இருந்து, தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதிக்குப் போனாள். ஆற்றில் முகம் கழுவி, முருகனைக் கும்பிட்டுவிட்டு, மற்றவர்களோடு மடத்தில் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தாள். இலை போட்டார்கள். சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வந்தன. பரிமாறியவர்களுக்குப் பின்னால் கனத்த பட்டுச்சேலையில் ஒரு பெண் கையைக் கூப்பியபடி ஒவ்வொரு இலைக்கும் முன்னால் நின்று நின்று வந்தாள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

"நல்லாச் சாப்பிடுங்கோ. பாட்டுப் பாடுற தளிர் இருக்கிறா எல்லே, அவவின்ரை அம்மாவின்ரை பேரிலை குடுக்கிறது," என்றாள் அந்தப் பெண்.

ஞானாம்பிகையின் கை சோற்றில் நின்றது.

"ஏன் தங்கச்சி, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை அக்கா. நீங்கள் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமோ?"

பெண் சிரித்தாள். ஞானாம்பிகையின் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டாள். அவள் பெயர் உதயகலா. சுவிஸிலிருந்து இதற்காகவே வந்திருந்தாள்.

"சொந்தமில்லை. என்ரை அம்மாவும் அந்தச் சண்டையிலை அங்கைதான் போனவ. எந்த நாள், எந்த இடம் எண்டு தெரியாது. உடம்பும் இல்லை. அவவை நினைச்சு ஒருநாள்கூட என்னாலை அழ ஏலாமல் போச்சுது தங்கச்சி. பதினைஞ்சு வருசம். பிள்ளையள், வேலை எண்டு ஓடிக்கொண்டு திரிஞ்சன். இந்தப் பிள்ளையின்ரை பாட்டைக் கேட்ட அண்டைக்குத்தான், வேலையாலை வந்து சப்பாத்தும் கழட்டாமல் வாசல்லை இருந்து அழுதனான். அவளின்ரை அம்மாவுக்கு விளக்கு வைக்கேக்கை என்ரை அம்மாவுக்கும் வைக்கிற மாதிரி இருந்தது. அதுதான் ரெண்டு பேருக்குமாச் சேத்து இதைக் குடுக்கிறன்."

ஞானாம்பிகைக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நான்தான் அது, நான் சாகவில்லை, இந்தா இருக்கிறேன் என்று. சொன்னால் இந்தப் பெண்ணிடமிருந்து எதைப் பறிப்போம் என்பதும் தெரிந்தது. அதைவிட மோசமான ஒன்றும் தோன்றியது. சொன்னாலும் இவள் நம்பமாட்டாள். சண்டையில் மனம் பேதலித்துப்போன யாரோ ஒருத்தி என்று நினைத்து, இரக்கத்தோடு தலையைத் தடவிவிட்டு எழுந்து போவாள்.

"சாப்பிடுங்கோ, ஆறப் போகுது," என்றாள் உதயகலா.

தன் ஆத்மா சாந்திக்காகப் போட்ட சோற்றை ஞானாம்பிகை பிசைந்து சாப்பிட்டாள். பசியாகத்தான் இருந்தது. இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தலையில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள் அப்படித்தான் முழுகுவார்கள்.

அதன் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. கடையில் யாராவது உள்ளே வந்து தன்னைக் கவனிக்காமல் நின்றால், மேசையில் கத்தரிக்கோலைச் சத்தமாக வைப்பாள். அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதைக் கண்ட பிறகுதான் அளவு எடுக்க எழும்புவாள்.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் சாருஜா வந்தாள். சொல்லாமல் வந்தாள். முகத்தை மூடியிருந்த துணியை ஓட்டோவை விட்டு இறங்கி, கதவைச் சாத்திய பிறகுதான் எடுத்தாள். மெலிந்திருந்தாள். குசினியில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தாயின் முன்னால் வந்து இருந்தாள். கையை நீட்டி, தாயின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தோளை.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை. சும்மா."

நறுக்கிய துண்டுகளைச் சட்டியில் எடுத்துப் போட்டாள்.

"அம்மா, நான் மேடையிலை அழுறது நடிப்பெண்டு நினைக்கிறியளோ?"

"நடிப்பில்லாமல்? நான் இஞ்சை இருக்கிறன் எல்லே."

"முதலிலை நடிப்புத்தான். உங்கடை அம்மா விழுந்து கிடக்கிறதை நினையுங்கோ எண்டு ஜெயரூபன் அண்ணை சொல்லித் தந்தவர். ஒவ்வொரு நாளும் கண்ணை மூடி நினைக்கச் சொல்லுவார். நினைச்சு நினைச்சு, இப்ப நினைக்காமலே வருது. மணல். சில்லு மேலை பாத்தபடி ஒரு சைக்கிள். நீங்கள் முகங்குப்புறக் கிடக்கிறியள். நான் முதுகிலை தட்டுறன். எழும்பச் சொல்லித் தட்டுறன். முதுகு ஈரமா இருக்கு."

"அது அவன் உன்ரை மண்டைக்குள்ளை போட்டது. நான் எங்கை விழுந்தனான்? உன்னைத் தேடிக்கொண்டெல்லோ திரிஞ்சன்."

"எனக்குத் தெரியுமம்மா. ஆனா முதுகு நல்லாத் தெரியுது. பச்சைக் கோடு போட்ட சேட்டு. தோள்ப்பட்டையிலை தையல் ரெண்டாப் போயிருக்கு. அந்தத் தையலுக்குள்ளை என்ரை விரல்."

ஞானாம்பிகையின் கையிலிருந்த கத்தி நின்றது.

"நான் எப்ப பிள்ளை சேட்டுப் போட்டனான்?"

 தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சாருஜாவின் முகத்தில் ஒரு மாற்றம் மெல்ல வந்தது. நேர்காணல்களில் பழக்கிய முகம் அல்ல அது. முகாமில், காதைப் பொத்திக்கொண்டிருந்த சின்னப் பிள்ளையின் முகம்.

"பாடிக்கொண்டு போனவர்," என்றாள். "என்னைப் பயப்பிடாதை எண்டு பாடிக்கொண்டு போனவர். ஒரு ஊர்ப் பேர் சொல்ல வந்து சொல்லேல்லை. அதுக்குப் பிறகுதான் விழுந்தவர்."

அந்தப் பச்சைக் கோட்டுச் சேட்டை ஞானாம்பிகைதான் தைத்தாள். மூட்டை தூக்கித் தோள் கிழிகிறது என்று தோள்ப்பட்டையில் இரட்டைத் தையல் போட்டவளும் அவள்தான். அதைப் பற்றி மகளிடம் அவள் ஒருபோதும் சொன்னதில்லை. அலுமாரியைத் திறந்து, இருந்த படங்களை எல்லாம் நிலத்தில் பரப்பிப் பார்த்தாள். அந்தச் சேட்டோடு அவனை எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. பிள்ளை எங்காவது பார்த்து வைத்திருக்கலாம் என்று நினைப்பதற்கு இடமே இருக்கவில்லை.

அன்று இருவரும் அழவில்லை. முருங்கைக்காய் நறுக்கியபடியே கிடந்தது.

பின்னேரம் சாருஜா எழும்பினாள். "நான் எல்லாத்தையும் சொல்லப் போறன்," என்றாள். "பாட்டு அப்பான்ரை. அம்மா இருக்கிறா. அப்பாவை நான் கண்டனான். மேடையிலையே சொல்லுறன்." தடுப்பதற்குள் ஜெயரூபனுக்கு அழைத்து, குரலை வெளியே கேட்க விட்டு, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

 மறுமுனையில் ஜெயரூபனின் மூச்சுக் கேட்டது.

"கடவுளே," என்றான். உண்மையாகவே அவன் குரல் நடுங்கியது. "சாரு, நீங்கள் தனிய இருக்காதையுங்கோ. அம்மாவோடை இருங்கோ." சற்றுப் பொறுத்து, "ஒருத்தருக்கும் இப்போதைக்குச் சொல்லாதையுங்கோ, என்ன? இது சின்ன விசயம் இல்லை. முறையாச் செய்ய வேணும். அம்மா உயிரோடை இருக்கிறா எண்டதும் அப்பாவின்ரை கதையும் ஒண்டா வரட்டும். இப்ப உங்களுக்கு இருக்கிற பேருக்கு ஒருத்தராலும் மறிக்க ஏலாது. அந்த இடத்துக்கே போவம். நீங்களும் அம்மாவும் அந்த மணல்லை நடக்கிற மாதிரி..." 

ஞானாம்பிகை கைபேசியை மகளின் கையிலிருந்து எடுத்தாள்.

"தம்பி, ஞானமக்கா கதைக்கிறன்."

"அக்கா, நான் உங்களுக்கு நல்லதுதான்..."

"தெரியும். செத்தது நான்தான். அதை அப்பிடியே வைச்சிருங்கோ. நான் சம்மதிச்சுத் தந்தது. ஆனா அவரை நீங்கள் தொடக்கூடாது. பேர் சொல்லக்கூடாது, படம் போடக்கூடாது, அந்த இடத்துக்குப் போகக்கூடாது. அவர் எங்களுக்கு."

அவன் என்ன சொன்னான் என்று கேட்க நிற்காமல் அழைப்பை நிறுத்தினாள்.

"ஏனம்மா?" என்று கேட்டாள் சாருஜா. "உங்களைச் செத்தவ எண்டு சொல்லிக்கொண்டு நான் இனி எப்பிடிப் பாடுறது?"

"நீ பாடு, இல்லாட்டி விடு. உன்ரை விருப்பம். ஆனா உன்ரை அப்பா விழுந்ததை ஒரு சனமும் கைதட்டிப் பாக்கக்கூடாது. அவருக்கு மாலை கட்டிக் குடுத்து, அதை இன்னொருத்தன் கசக்கிறதைப் பாக்க என்னாலை ஏலாது பிள்ளை."

சாருஜா ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்தாள். ஆனால் அதன் பிறகு மேடையில் அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. "அம்மா" என்ற சொல்லுக்கு முன்னால் மூச்சு விடுவதையும் மறந்தாள். தளிரிடம் முன்பிருந்த உண்மை இப்போது இல்லை என்று இரசிகர்கள் எழுதத் தொடங்கினார்கள். பேரும் புகழும் வந்ததும் பெற்ற தாயை மறந்துவிட்டாள் என்றுகூட ஒருவர் எழுதினார். ஜெயரூபன் அவளை வற்புறுத்தவில்லை. அவனுக்கு வேறொரு பிள்ளை கிடைத்தது, வேறொரு கதையோடு. சாருஜா உடுவிலுக்குத் திரும்பினாள். இப்போது யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிக்கிறாள். கலியாண வீடுகளில் தன் சொந்தப் பெயரில், பச்சையும் சிவப்புமாகச் சேலை உடுத்துப் பாடுகிறாள். "நீங்கள் அந்தத் தளிர் மாதிரியே பாடுறியள்," என்று ஒருநாள் ஒரு மணமகளின் தாய் வந்து பாராட்டினாள். சாருஜா நன்றி சொன்னாள்.

ஞானாம்பிகைக்கு அந்த மத்தியானம் எதையும் முடித்துவைக்கவில்லை. மகள் கண்டது உண்மை என்று காலையில் நம்புவாள். பின்னேரமாகும்போது, கண்ணை மூடச் சொல்லிப் பழக்கியவன் ஒருவன் இருந்தானே என்று நினைப்பாள். தாயின் நடக்காத சாவைப் பிள்ளைக்குக் காட்டியவனால் தகப்பனின் சாவைக் காட்ட முடியாதா? ஆனால் இரட்டைத் தையலை அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டேன் என்றவர் கண்டது யாரை? றோட்டோரத்தில் நிற்கும் பெண்களிடம் அவள் திரும்பவும் போனாள். படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்றவளிடம் எதையும் சொல்லவில்லை.

அந்த வருடம் ஆடி அமாவாசை வந்தது. தகப்பனை இழந்தவர்களுக்கு உரிய நாள். அவள் சாருஜாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, சாருஜாவும் கேட்கவில்லை. வழக்கம்போல் கடைக்குப் போய்விட்டு வந்தாள்.

அடுத்த வருடம், அமாவாசைக்கு முதல் நாள், மருதனார்மடம் சந்தையில் காத்தோட்டிக்காய் விற்கும் பெண்ணின் முன்னால் போய் நின்றாள். அந்த விரதத்துக்கு மட்டும் சமைக்கும் கசப்புக் காய் அது. வருடத்தில் வேறு நாளில் யாரும் தேடமாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஞானாம்பிகையைப் பல வருடமாகத் தெரியும்.

"என்ன அக்கா, நீங்கள் இது வாங்கிறேல்லையே. ஆருக்கு?"

"பிள்ளையின்ரை தகப்பனுக்கு."

அந்தப் பெண் நிமிர்ந்து, அவளுடைய நெற்றியைப் பார்த்தாள். குங்குமம் இருந்தது.  நல்ல காயாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டாள்.

மறுநாள் தாயும் மகளும் சேர்ந்து சமைத்தார்கள். பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குப் போகவில்லை. வீட்டிலேயே தலைவாழை இலை விரித்து, அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பிரட்டலும் வைத்துப் படைத்தார்கள். சாருஜா விளக்கைக் கொளுத்தினாள். பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஞானாம்பிகை ஏற்கெனவே நேராக இருந்த இலையை மறுபடி நேராக்கினாள். நெடுநேரம் நின்றாள். பிறகு வாய்விட்டு, தெளிவாக, "கேதீஸ்வரன்" என்றாள்.

சொன்னவள் உடனே திரும்பி, வாசல் படலைப் பக்கம் பார்த்தாள்.